ஆறு மாதப் பெற்றோர்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களில் முதல் குழந்தை பிறக்கும்போது ஓர் ஏற்பாடு யாரும் திட்டமிடாமலே நடக்கிறது. பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பு பெண்ணின் அம்மாவும் அப்பாவும் போய்ச் சேருகிறார்கள். ஆறு மாதம் முடியும் தறுவாயில் அவர்கள் ஊர் திரும்ப, மாப்பிள்ளையின் பெற்றோர் போய் இறங்குகிறார்கள். சம்பந்திகள் இப்படி முறைவைத்துக்கொண்டு போய்வரும் வீடுகள் நியூஜெர்சியிலும் டல்லஸிலும் ஏராளம். குழந்தை பள்ளிக்குப் போகும்வரை இது தொடரும். இரண்டாவது குழந்தை பிறந்தால் இன்னும் சில ஆண்டுகள் நீளும்.

இதற்குப் பாசம் மட்டும் காரணமல்ல. அமெரிக்காவில் பிரசவத்துக்குச் சம்பளத்தோடு விடுப்பு தரவேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் தனியார் முதலாளிகளைக் கட்டாயப்படுத்துவதில்லை. 1993இல் வந்த குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் 12 வாரம் மட்டுமே தருகிறது. அதற்கும் சம்பளம் கிடையாது. 50 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அது பொருந்துவதும் இல்லை. பன்னிரண்டு வாரக் குழந்தையைக் காப்பகத்தில் விட மனம் ஒப்பாத தம்பதிக்கு ஊரிலிருக்கும் பெற்றோர்தான் துணை. முதியவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. இருக்கிற ஒன்றிரண்டு பிள்ளைகளும் கடல் கடந்து போய்விட்டபின், பேரப்பிள்ளையோடு வாழ அவர்களுக்கு வேறு வழியில்லை.

ஆண்டில் பாதி அங்கே, பாதி இங்கே என்ற இந்த வாழ்க்கைக்குக் குடியேற்றச் சட்டங்களில் பெரும்பாலும் இடமே ஒதுக்கப்படவில்லை. சட்டத்தின் பார்வையில் ஒருவர் சுற்றிப்பார்க்க வந்துபோகிறவர். இல்லையென்றால் குடியேற வந்தவர். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் லட்சக்கணக்கான முதியவர்களைப் பெரும்பாலான நாடுகள் விமான நிலைய அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டன. இது தற்செயலான விடுபடல் என்று எனக்குத் தோன்றவில்லை. தெளிவான விதி எழுதினால் உரிமை பிறந்துவிடும் என்ற தயக்கம் இதன் பின்னால் இருக்கிறது. அந்தத் தயக்கத்தின் விலையை அறுபதையும் எழுபதையும் கடந்தவர்கள் கொடுக்கிறார்கள்.

அமெரிக்காவிலிருந்தே தொடங்கலாம். இந்தியர்களுக்குப் பொதுவாக 10 ஆண்டுக்குப் பலமுறை நுழையும் பி-1/பி-2 விசா தரப்படுகிறது. பாஸ்போர்ட்டில் அதைப் பார்த்ததும் பத்தாண்டு கவலையில்லை என்ற நிம்மதி வருகிறது. ஆனால் விசா என்பது வாசல்வரை வந்து நிற்பதற்கான அனுமதி மட்டுமே. உள்ளே எத்தனை நாள் தங்கலாம் என்பதை நுழையும் இடத்திலுள்ள எல்லைக் காவல் அதிகாரி முடிவு செய்கிறார். ஐ-94 என்ற பதிவில் அவர் குறிக்கும் தேதிதான் சட்டப்படியான கெடு. விமானப் பயணிகளுக்கு 2013 முதல் இந்தப் பதிவு காகிதத்தில் தரப்படுவதில்லை. இணையத்தில் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். விசாவில் அச்சிட்ட தேதியைப் பார்த்து, ஐ-94 தேதியைத் தவறவிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பாஸ்போர்ட் காலாவதி நெருங்கியிருந்தால் அதற்கேற்ப ஐ-94 தேதி சுருங்கிவிடக்கூடும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

வழக்கமாகக் கிடைக்கும் ஆறு மாதம் அதிகாரியின் கருணையால் வருவதல்ல. சுற்றுலா வகையில் வருகிறவரை, அவர் குறைவான நாள் கேட்டிருந்தாலும், பொதுவாக ஆறு மாதத்துக்கு அனுமதிக்க வேண்டும் என்று அமெரிக்க ஒழுங்குமுறை விதியே சொல்கிறது. 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பிறகு, 2002 ஏப்ரலில், அன்றைய குடியேற்றத் துறை இந்த ஆறு மாதத்தை எடுத்துவிட முன்மொழிந்தது. வந்த காரியத்துக்கு எவ்வளவு நாள் தேவையோ அவ்வளவுதான். காரணம் தெளிவாக இல்லையென்றால் 30 நாள். பேரப்பிள்ளையைப் பார்க்க எத்தனை நாள் தேவை என்று 20 மணி நேரம் பயணம் செய்து களைத்து வரும் ஒரு மூதாட்டி கவுன்டரில் நின்று நிரூபிக்க வேண்டிய நிலை அப்போது வந்திருக்கும். அந்த முன்மொழிவு இறுதி விதியாகவில்லை. சம்பந்திகளின் முறைவைப்பு இன்றும் நடப்பது அதனால்தான்.

கெடுவுக்கு முன்பே ஐ-539 படிவத்தில் நீட்டிப்புக் கேட்கலாம். காலத்தோடு விண்ணப்பித்தவர், முடிவு நிலுவையில் இருக்கும் காலத்தில், சட்டவிரோதமாகத் தங்கியவராகக் கணக்கிடப்படுவதில்லை. ஆனால் முடிவு வர மாதக்கணக்காகிறது. விண்ணப்பித்தவர் ஊர் திரும்பிய பிறகு பதில் வருவதும் உண்டு. கெடு தாண்டித் தங்கிவிட்டால் விளைவு கடுமை. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கி வெளியேறுகிறவர் 3 ஆண்டும், ஓராண்டு அல்லது அதற்கு மேல் தங்கியவர் 10 ஆண்டும் திரும்ப நுழைய முடியாது. ஒரு நாள் தாண்டினாலும் அந்த விசா செல்லாததாகிவிடும் என்று தனியொரு பிரிவு சொல்கிறது. எழுபது வயதுக்காரருக்குப் பத்தாண்டுத் தடை என்றால் அது ஏறக்குறைய ஆயுள் தடை.

கெடு, நீட்டிப்பு, தடை ஆகியவை எழுத்தில் இருப்பதால் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். சிக்கல் எழுத்தில் இல்லாததில் இருக்கிறது: எவ்வளவு இடைவெளி விட்டுத் திரும்பப் போகலாம்? எந்தத் தமிழ்க் குடும்பத்தில் கேட்டாலும் ஒரு பதில் தயாராக இருக்கும். “ஆறு மாசம் இருந்தா ஆறு மாசம் வெளியே இருக்கணும்.” “வருஷத்துக்கு ஒரு தடவைதான்.” “ஒரு நுழைவுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல வருஷப்பிறப்பு வந்துட்டா போதும்.” இவற்றில் எதுவும் அமெரிக்கச் சட்டத்தில் இல்லை. 1952ஆம் ஆண்டின் குடியேற்ற, தேசிய உரிமைச் சட்டம் கேட்பது ஒன்றைத்தான்: தாய்நாட்டில் கைவிடும் எண்ணமில்லாத ஓர் இருப்பிடம் வந்தவருக்கு இருக்கிறதா? அதே சட்டத்தின் 214(பி) பிரிவு, விசா கேட்கிறவர் குடியேறத்தான் வருகிறார் என்ற அனுமானத்தோடு தொடங்குகிறது. இல்லை என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது.

ஆக அதிகாரி எண்ணுவது நாட்களை அல்ல; எடைபோடுவது மனத்தை. முந்தைய ஈராண்டில் எவ்வளவு காலம் இங்கே, எவ்வளவு காலம் அங்கே? ஊரில் வீடு இருக்கிறதா? ஓய்வூதியம் எங்கே வருகிறது? திரும்பப் பயணச்சீட்டு எந்தத் தேதிக்கு? இவற்றுக்கெல்லாம் உண்மையான பதில் சொல்லும் ஒருவருக்கு ஓர் அதிகாரி ஆறு மாதம் தருவார், இன்னொருவர் இரண்டு மாதம் தருவார், மூன்றாமவர் அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்புவார். மூன்றுமே சட்டத்துக்கு உட்பட்டவை. சமூகம் உருவாக்கிக்கொண்ட வாய்மொழி விதிகளை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில் மக்கள் தங்கள் அனுபவத்தைத் திரட்டி ஒரு பாதுகாப்பான எல்லையைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆறு மாதம் வெளியே இருந்துவிட்டுப் போகிறவரை அதிகாரி சந்தேகிக்கும் வாய்ப்பு குறைவு என்பது நடைமுறையில் சரியான கணிப்புதான். ஆனால் அது உத்தரவாதம் ஆகாது. அதை விதி என்று நம்பிப் போகிறவர்கள்தான் கவுன்டரில் நிலைகுலைந்து நிற்கிறார்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. “எதற்கு வந்தீர்கள்?” என்ற கேள்விக்கு “பேத்தியைப் பார்த்துக்கொள்ள” என்பதுதான் நம் வீட்டுப் பெரியவர்கள் இயல்பாகச் சொல்லும் பதில். சுற்றுலா வகையில் வருகிறவர் வேலை செய்யக் கூடாது. கூலி இல்லாத குழந்தைப் பராமரிப்பையும் ஓர் ஆயாவின் வேலையாக அதிகாரி எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. பாட்டி பேத்தியை மடியில் வைத்துக்கொள்வது உறவு எப்போது, உழைப்பு எப்போது என்று பிரிக்கும் கோடு எந்தக் குடும்பத்திலும் கிடையாது. பிள்ளைகள் அம்மாவுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தொலைபேசியில் பாடம் நடத்துவது இதனால்தான். உண்மையைச் சொல்லவே ஒத்திகை பார்க்க வேண்டியிருப்பது ஒரு சட்டத்துக்குப் பெருமை தருவதல்ல.

பிரிட்டன் இதே கேள்வியை இன்னும் வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறது. அதன் வருகையாளர் விதிகள், அடிக்கடியோ அடுத்தடுத்தோ வந்து நெடுங்காலம் பிரிட்டனில் வாழ்கிறவராகவோ அதைத் தன் முதன்மை வீடாக்கிக்கொள்கிறவராகவோ ஒருவர் இருக்கக் கூடாது என்கின்றன. ஒரு வருகைக்கு ஆறு மாதம். ஆண்டுக்கு ஆறு மாதத்துக்கு மேல் கூடாது என்று லண்டன் தமிழர் பலர் நம்புவதற்கு அங்கேயும் எழுத்தாதாரம் இல்லை. வருகைகளுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது என்றே அதிகாரிகளுக்கான வழிகாட்டல் சொல்கிறது.

இடைவெளியை எழுத்தில் வைத்த நாடு ஒன்று உண்டு, அது நம்முடையதுதான். மும்பைத் தாக்குதலுக்கு வேவு பார்க்க டேவிட் ஹெட்லி பலமுறை இந்தியா வந்துபோனது 2009இல் அம்பலமானதும், சுற்றுலா விசாவில் வருகிறவர் ஒருமுறை வெளியேறினால் இரண்டு மாதம் கழித்தே திரும்ப நுழையலாம் என்று இந்திய அரசு விதித்தது. இலங்கையையோ நேபாளத்தையோ எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப நினைத்த பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். திருவண்ணாமலையில் ஒவ்வொரு குளிர்காலமும் வந்து மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டவர் போன்றோரை நேராகத் தொட்ட விதி இது. 2012 இறுதியில் பெரும்பாலான நாட்டவருக்கு அது நீக்கப்பட்டது. பயங்கரவாதியைத் தடுக்க நாள்கணக்கு உதவாது. முறையாக வந்துபோகிறவர்களை மட்டுமே அது பிடித்துவைக்கும்.

நாள்கணக்கை முழுமையாக நம்பும் உலகம் ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதி. 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு: எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் ஒரு தாய்க்கு மகள் பாரிஸில், மகன் சூரிச்சில், தம்பி ஒஸ்லோவில் என்றால், மூன்று வீட்டுக்கும் சேர்த்துத்தான் அந்த 90 நாள். மகளோடு 60 நாள் இருந்தால் மற்ற இருவருக்கும் எஞ்சுவது 30. பிரிட்டன் ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால் அங்கே உறவு உள்ளவர்கள், தனியாக விசா எடுத்து, நடுவில் லண்டனுக்குப் போய்க் கணக்கை ஆறவிடுவது உண்டு.

முன்பு இந்தக் கணக்கு இவ்வளவு இறுக்கமாக இல்லை. முதல் நுழைவு நாளிலிருந்து ஆறு மாதம், அதற்குள் மூன்று மாதம் என்பதே பழைய விதி. ஓர் ஆறு மாதத்தின் கடைசி மூன்று மாதத்தையும் அடுத்ததன் முதல் மூன்று மாதத்தையும் ஒட்டவைத்து ஏறக்குறைய ஆறு மாதம் தொடர்ந்து தங்க அதில் இடமிருந்தது. 2006இல் ஐரோப்பிய நீதிமன்றமும் விதியின் சொற்களுக்கு அந்தப் பொருளே வரும் என்றது. 2013 அக்டோபர் 18 முதல் அந்த வழி அடைபட்டது. இப்போது ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாள் எண்ணப்படுகிறது. தொடர்ந்து 90 நாள் இருந்தவர் அடுத்த 90 நாள் வெளியே இருந்தாக வேண்டும். பாஸ்போர்ட்டில் முத்திரை மங்கிப்போனது, அதிகாரி எண்ணத் தவறியது என்ற தற்செயல்களும் முடிவுக்கு வருகின்றன. 2025 அக்டோபர் 12இல் நடைமுறைக்கு வரத் தொடங்கிய நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை, விரல்ரேகையையும் முகத்தையும் வைத்துக் கணினியில் நாள் எண்ணுகிறது.

இருந்தும், அமெரிக்க முறை, ஐரோப்பிய முறை இரண்டில் எதை ஏற்பாய் என்று கேட்டால், ஐரோப்பியக் கணக்கையே நான் மதிக்கிறேன். 90 நாள் குறைவு. ஒரு பிரசவத்துக்கும் தேறாது. ஆனால் வீட்டிலிருந்தே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். நாள் தாண்டாத வரையில் உன் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் துருவிப் பார்க்க வேண்டிய தேவை அங்கே குறைவு. விசா பெறும் கட்டத்தில் சந்தேகம் உண்டுதான். அதிலும் 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கு ஒரு தளர்வு வந்தது: மூன்றாண்டுக்குள் இரண்டு விசாக்களை முறையாகப் பயன்படுத்தியவருக்கு இரண்டாண்டுப் பன்னுழைவு விசா, அதன்பின் ஐந்தாண்டு விசா. போய்த் திரும்பி வந்தது ஒருவருக்கு நற்சான்றாகிறது. அமெரிக்கக் கவுன்டரில் அதே போக்குவரத்துச் சந்தேகத்துக்குக் காரணமாகலாம்.

இந்த முதியவர்களை நேருக்கு நேர் பார்த்து அவர்களுக்கென்றே ஒரு விசாவை உருவாக்கியது கனடா. அதன் பிறப்பு பெருந்தன்மையால் நிகழ்ந்ததல்ல. 2011இல் பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் நிரந்தரமாக அழைத்துக்கொள்ளும் திட்டத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் காத்திருந்தார்கள். நவம்பர் 5 முதல் புதிய விண்ணப்பங்களை இரண்டாண்டு நிறுத்திவைத்த அரசு, அதற்கு ஈடாக டிசம்பர் 1இல் ‘சூப்பர் விசா’வை அறிமுகப்படுத்தியது. கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்ததுதான். ஆனால் ஜன்னல் பெரியது. பத்தாண்டு வரை பலமுறை நுழையலாம்; ஒரு நுழைவுக்கு இரண்டாண்டு தங்கலாம் என்றிருந்ததை 2022 ஜூலை 4 முதல் ஐந்தாண்டு ஆக்கினார்கள். சாதாரண வருகையாளருக்குப் பொதுவாக ஆறு மாதம்தான் என்பதோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் உள்ள ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அப்பம்மாவும் அம்மம்மாவும் இந்த விசாவில்தான் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள்.

நிபந்தனைகள் உண்டு. அழைக்கும் பிள்ளைக்கு அல்லது பேரப்பிள்ளைக்குக் குடும்ப எண்ணிக்கைக்கு ஏற்ற குறைந்தபட்ச வருமானம் வேண்டும். வருகிறவர் மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். ஓராண்டுக்காவது செல்லும், ஒரு லட்சம் கனேடிய டாலருக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். சர்க்கரையும் இதயக்கோளாறும் உள்ள எழுபத்தைந்து வயதுக்காரருக்கு இந்தக் காப்பீட்டின் கட்டணமே பெரும் சுமை. குறைந்த கூலிக்கு இரண்டு வேலை பார்க்கும் மகனின் அம்மாவுக்கு இந்த ஜன்னல் திறக்காது. நிரந்தர வழியோ இன்னும் ஒடுங்கிக் கிடக்கிறது: 2020இல் பெயர் பதிந்தவர்களிலிருந்தே 2025 வரையிலும் குலுக்கல் முறையில் அழைத்துக்கொண்டிருந்தார்கள். என்றாலும், நீண்டகால வருகை என்பதைச் சந்தேகத்துக்குரிய நடத்தையாகப் பார்க்காமல் குடும்ப வாழ்வின் ஒரு வடிவமாகச் சட்டத்தில் ஏற்றுக்கொண்டதற்காகக் கனடாவைப் பாராட்டியே ஆக வேண்டும்.

ஆஸ்திரேலியா 2019இல் அந்த வழியில் வந்தது. பிள்ளை பொறுப்பேற்க, பெற்றோர் மூன்று அல்லது ஐந்தாண்டு தங்கலாம், மொத்தத்தில் பத்தாண்டு. ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம், ஆண்டுக்கு 15,000 பேர் என்ற உச்சவரம்பு. அங்கே கட்டணம் குறைந்த நிரந்தரப் பெற்றோர் விசாவுக்குக் காத்திருப்பு முப்பது ஆண்டைத் தாண்டும் என்று அந்நாட்டு உள்துறையே அறிவிக்கிறது. அறுபத்தைந்து வயதில் விண்ணப்பிக்கிறவருக்கு அது என்ன பதில்?

இவ்வளவு சிரமம் எதற்கு, பிள்ளை அமெரிக்கக் குடிமகனாகிவிட்டால் பெற்றோருக்கு கிரீன் கார்டு எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். 21 வயது நிறைந்த குடிமக்களின் பெற்றோருக்கு அங்கே எண்ணிக்கை வரம்பு கிடையாது. சில ஆண்டுகளில் கிடைத்துவிடும். வாங்கியவர்களின் நிலையைப் பார்த்தால் இன்னொரு பக்கம் தெரியும். இப்போது கேள்வி தலைகீழாகத் திரும்புகிறது. முன்பு அங்கே ஏன் இவ்வளவு நாள் இருந்தாய் என்று கேட்ட கவுன்டரில், இங்கே ஏன் இவ்வளவு நாள் இல்லை என்று கேட்கிறார்கள். தொடர்ந்து 180 நாளுக்கு மேல் வெளியே இருந்தவரைப் புதிதாக நுழைகிறவர்போல விசாரிக்கலாம். ஓராண்டு தாண்டிவிட்டால், முன்கூட்டியே மறுநுழைவு அனுமதி வாங்கியிருந்தாலொழிய, அட்டை மட்டும் போதாது. கோயில், சொந்தம், தோட்டம், தெரிந்த மருத்துவர் என்று ஊரோடு பிணைந்தவர்கள் கார்டைக் காப்பாற்றுவதற்காகவே ஆண்டுதோறும் விமானம் ஏறுகிறார்கள். முடியாமல் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்தவர்களும் உண்டு. 65 வயதானாலும், அமெரிக்காவில் போதிய ஆண்டுகள் வேலை செய்திராத பெற்றோர் மெடிகேர் மருத்துவக் காப்பீட்டுக்குள் பணம் கட்டிச் சேரவே தொடர்ந்து ஐந்தாண்டு அங்கே வசித்திருக்க வேண்டும். பாதி ஆண்டு ஊரில் இருக்கிறவருக்கு அந்தக் கணக்கும் ஆட்டம் காணும்.

விசாவைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் குடும்பங்களில்கூட வரியைப் பற்றிப் பேச்சு எழுவதில்லை. அமெரிக்க வருமானவரித் துறைக்கு ஒருவர் சுற்றுலா விசாவில் வந்தவர் என்பது முக்கியமல்ல, நாட்கள்தான் முக்கியம். இந்த ஆண்டின் நாட்கள் முழுவதும், சென்ற ஆண்டின் நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தையதில் ஆறில் ஒரு பங்கு ஆகியவற்றைக் கூட்டி 183 வந்தால் வரிக்காக ஒருவர் அங்கே வசிப்பவர். கணக்குப் போட்டால், மூன்றாண்டு தொடர்ந்து ஆண்டுக்கு 122 நாள் இருந்தாலே போதும். நான்கு மாதம்தானே இருந்தோம் என்று நினைப்பவர் இதில் சிக்கிவிடுவார். அதே ஆண்டில் 183 நாளுக்குக் குறைவாக இருந்து, தன் வாழ்வின் மையம் இந்தியாவில்தான் என்று 8840 எண் படிவத்தில் தெரிவித்தால் விலக்கு உண்டு. இங்கேயோ, நிதியாண்டில் 60 நாளும் முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாளும் இருந்தால் ஒருவர் இந்தியாவில் வசிப்பவர். பாதிப்பாதி வாழ்கிறவர் இரு நாட்டுச் சட்டத்துக்கும் ஒரே சமயத்தில் உள்ளூர்வாசி ஆகிவிடலாம். 1989இல் கையெழுத்தான இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தம் இதற்குத் தீர்வு வைத்திருக்கிறது. அதைக் கேட்டுப் பெற வேண்டும். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தியாவிலுள்ள கணக்குகளின் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் தெரிவிக்கும் கடமையும் சேர்கிறது. ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரின் வைப்புநிதியே அந்தத் தொகையைத் தாண்டிவிடும்.

ஊரில் வேர் இருக்கிறது என்று காட்டும்படி எல்லா நாடுகளும் கேட்பதன் கடுமை, கணவன் மனைவியில் ஒருவர் இறந்த பிறகுதான் முழுதாகத் தெரிகிறது. அதுவரை வீடு, துணை, ஓய்வூதியம் என்று சொல்ல முடிந்தது. தனியாகிவிட்ட அம்மா வீட்டை வாடகைக்கு விடுகிறார். நகையை வங்கிப் பெட்டகத்தில் வைக்கிறார். பிள்ளையோடு கொஞ்ச காலம் கூடுதலாக இருக்க விரும்புகிறார். தேவை மிக அதிகமான அந்த நேரத்தில் அவரது சான்றுகள் மிகக் குறைந்துபோகின்றன. அவர் பிரிட்டனிலுள்ள மகனோடு நிரந்தரமாக இருக்க விரும்பினால் 2012 ஜூலை 9இல் வந்த விதி குறுக்கே நிற்கிறது. அதற்கு முன்பு, பிள்ளையின் பொருளுதவியை நம்பி வாழும் 65 வயதுக்கு மேற்பட்ட பெற்றோர் விண்ணப்பிக்க வழி இருந்தது. இப்போது, முதுமையாலோ நோயாலோ குளிப்பது, சமைப்பது போன்ற அன்றாட வேலைகளுக்கே நெடுங்காலப் பராமரிப்பு வேண்டும். பிள்ளை பணம் அனுப்பினாலும் அந்தப் பராமரிப்பு சொந்த நாட்டில் கிடைக்காது, அல்லது கட்டுப்படியாகாது என்று காட்ட வேண்டும். விண்ணப்பத்தையும் பிரிட்டனுக்கு வெளியிலிருந்தே போட வேண்டும். கும்பகோணத்தில் ஒரு செவிலியரை அமர்த்த லண்டன் சம்பளம் போதும் என்பதால், வசதியான மகனின் தாய்க்கே கதவு முதலில் சாத்தப்படுகிறது. விதியை எதிர்த்த வழக்கில் 2017இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆனால் தேவைப்படும் பராமரிப்பை அளக்கும்போது, மருத்துவச் சான்றோடு காட்டப்படும் மனநலத் தேவைகளையும் உணர்வுத் தேவைகளையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று அந்தத் தீர்ப்பிலேயே நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். விண்ணப்பிக்கும் குடும்பங்கள் பிடித்துக்கொள்ளக்கூடிய கிளை அது. உடல் பலவீனத்துக்கு மட்டும் மருத்துவரிடம் சான்று வாங்குகிறவர்கள், தனிமையால் வந்த தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் மனநல மருத்துவரிடம் முறையான அறிக்கை பெற்று விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும்.